பேயாண்டி தெருவுக்கு வராத தண்ணீர்

12 பிப்ரவரி 2007

சாட்சிக்காக எழுதி வைக்கிறேன். நாளைக்கு எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் போலீஸ் படிக்கட்டும்.

குழாய் தோண்டுகிற ஆட்கள் இன்று காலை மூன்றாவது குறுக்குத் தெருவில் வேலையை முடித்தார்கள். கடப்பாரையைத் தோளில் போட்டார்கள். என் வாசல் வழியாகவே நடந்துபோய் ஐந்தாவது குறுக்குத் தெருவில் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். நடுவில் இருக்கிற எங்கள் பேயாண்டி தெருவில் ஒரு கொத்துக்கூட விழவில்லை. இந்தப் பக்கம் முழுக்க வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய். எங்களுக்கு மட்டும் கிடையாது.

மேஸ்திரியை நிறுத்திக் கேட்டேன். "எங்களுக்குக் குடுத்த பேப்பர்ல இந்தத் தெரு இல்லண்ணே" என்றான். என் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. கையிலிருந்த பீடியைப் பார்த்துச் சொன்னான்.

யார் பேரில் இருக்கிற தெரு இது? என் அய்யா பேரில். வெள்ளைக்காரக் கலெக்டர் குதிரையை ஒற்றைக் கையால் பிடித்து நிறுத்தியவர் பேயாண்டி. அது செங்கல் சூளைக் கழுதை என்று மாயக்காள் சொல்வாள். என் வீட்டுக்காரிக்குச் சரித்திரம் தெரியாது. போன தீபாவளிக்கு முந்தின தீபாவளிக்கு, போர்டு வைத்தே ஆகணும் என்று தெருவே திரண்டு வந்து என்னைக் கெஞ்சியது. சிவப்புத் தகரத்தில் மஞ்சள் எழுத்து. எழுத்துக்காரன் சோணை கை வேலை. தெருமுனைக் கம்பத்தில் ஏதோ பழைய நீலத் தகடு ஒன்று கிடந்தது, அதன் மேலேயே ஆணி அடித்து மாட்டினோம். திறப்பு விழாவுக்கு ஐந்நூறு பேர். மாயக்காளைக் கேட்டால் பன்னிரண்டு பேர், அதில் பாதி சுண்டலுக்கு வந்தவர்கள் என்பாள்.

அப்பேர்ப்பட்ட தெருவைத் தாண்டிப் போகிறான் என்றால் சும்மாவா போவான்? எவனோ சொல்லியிருக்கிறான்.

14 பிப்ரவரி

பேரையூரிலிருந்து போன். பாண்டீஸ்வரியின் மாமியார்.

பாண்டி என் தங்கச்சி சோலையின் மகள். தங்கச்சி போனபிறகு நாங்கள்தான் வளர்த்தோம். எங்களுக்கென்று பிள்ளை இல்லை. அவள் வீட்டில் இருந்தவரை வேணும் என்று தோன்றியதும் இல்லை. இப்போது அவளுக்கு ஏழாம் மாசம். சித்திரையில் வளையல் போட்டுத் தாய்வீட்டுக்குக் கூட்டி வரணும். தாய்வீடு என்றால் இந்த வீடுதான்.

"தண்ணி வசதி எப்படி, சம்பந்தி?" என்றார் அந்த அம்மா.

"வைகையே வாசலுக்கு வந்துருச்சு" என்றேன்.

"வைகையிலயே தண்ணி இல்லையாமே." அதோடு விடாமல், "மாயக்கா அண்ணிக்கு இடுப்பு வலின்னு பாண்டி சொல்லுச்சு. புள்ள பெத்த வீட்டுக்கு எம்புட்டுத் தண்ணி வேணும்! குழாய் வந்துட்டா அனுப்புறோம். இல்லாட்டி இங்கேயே நடக்கட்டும். தப்பா நினைக்காதீங்க" என்றார்.

தப்பாக நினைக்காமல் வேறு எப்படி நினைக்கிறதாம்? தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு போகவில்லை என்றால், இவளுக்குத் தாய்வீடே இல்லை என்றுதானே ஊர் பேசும்? தாய்மாமன் நான் எதற்கு இருக்கிறேன்?

மாயக்காள் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குடத்தை எடுத்தாள். பொதுக்குழாய் ஐந்தாவது தெருவில் இருக்கிறது.

17 பிப்ரவரி

பின்வீட்டு நாகசுப்பிரமணியன் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

சுங்குடிச் சேலை வியாபாரி. வீடு மூன்றாவது குறுக்கில். அவர் பின்சுவரும் எங்கள் பின்சுவரும் ஒன்றுதான். அவர் வீட்டில் நேற்றே குழாய் திறந்தாகிவிட்டது, சத்தம் இங்கே வரை கேட்கிறது. எங்களுக்குக் கேட்கட்டும் என்றே அகலத் திறக்கிறார்களோ? மகன் கிரிதரன் வீடு கட்டுகிற இன்ஜினியரிடம் படம் வரைகிற வேலையில் இருக்கிறான். அக்குளில் எந்நேரமும் சுருட்டிய காகிதம். எந்தத் தெருவை எந்தக் காகிதத்தில் அழித்தானோ.

சௌராஷ்டிரர்கள். வீட்டுக்குள் அவர்கள் பாஷைதான். இன்று நான் பின்பக்கம் நிற்கும்போது, அவர் சம்சாரம் லலிதாம்பாள் மாடியிலிருந்து என்னைப் பார்த்துவிட்டு அவரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். நடுவில் 'பாணி' என்றார். மறுபடியும் 'பாணி'. இவர் தலையை ஆட்டினார்.

என் நடைப் பாணியைத்தானே? இல்லை, மீசைப் பாணியையா? இந்த வட்டாரத்தில் பாணி என்று ஒன்று இருப்பது எனக்கு மட்டும்தான். கேலி பண்ணுகிறார்கள். பண்ணட்டும்.

19 பிப்ரவரி

ஆயுதம் கிடைத்துவிட்டது. டீக்கடைப் பேப்பரில் இருக்கிறது: தகவல் அறியும் உரிமைச் சட்டம். எந்தக் குடிமகனும் மனுப் போட்டுக் கேட்கலாம். முப்பது நாளைக்குள் பதில் சொல்லியே தீரணும், சொல்லாவிட்டால் மேலே அப்பீல். எட்டாம் வகுப்பு வாசல் வரை போனவன் நான். அந்தக் காலத்து எட்டாம் வகுப்பு வாசல் இந்தக் காலத்து பி.ஏ.

உட்கார்ந்து எழுதினேன். நாலு பக்கம் வந்தது.

'மாநகராட்சிப் பொதுத் தகவல் அலுவலர் சமூகத்துக்கு. மாவீரர் பேயாண்டி அவர்களின் திருநாமம் தாங்கிய பேயாண்டி தெருவுக்கு ஏன் குழாய் இல்லை? எவன் சொல்லி நிறுத்தினீர்கள்? அவனுக்கும் உங்களுக்கும் என்ன உறவு? அவன் மூன்றாவது குறுக்கில் குடியிருப்பவனா, ஆம் அல்லது இல்லை? நெஞ்சில் கை வைத்துப் பதில் சொல்லவும்.'

மாயக்காளுக்குப் படித்துக் காட்டினேன். "கோர்ட்டுல வசனம் பேசுற மாதிரி இருக்கு" என்றாள். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

கோர்ட் ஃபீ ஸ்டாம்பைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியாகிவிட்டது. தபால் ஆபீஸ்காரன் உறையைத் தூக்கிப் பார்த்து, "கனமா இருக்கே அண்ணே" என்றான். உள்ளே என்ன இருக்கிறது என்று ஆழம் பார்க்கிறான்.

27 பிப்ரவரி

மனு போய்ச் சேர்ந்ததற்கு அட்டை வந்தது. கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது. யார் என்று தெரியக்கூடாது என்றுதானே அப்படிப் போட்டிருக்கிறான்?

6 மார்ச்

நாகசுப்பிரமணியன் இன்று தெருமுனையில் என்னைப் பார்த்துச் சிரித்தார். வியாபாரி காரணமில்லாமல் சிரிக்க மாட்டார்.

16 மார்ச்

பதில் வந்துவிட்டது. அரைப் பக்கம். நான் எழுதியது நாலு பக்கம்!

ஒன்று: 'ஏன், எதற்கு என்னும் வினாக்களுக்கு விளக்கம் அளிக்க இச்சட்டத்தில் இடமில்லை. அலுவலகத்தில் உள்ள ஆவணங்களின் நகலைக் கோரலாம். நேரில் பார்வையிடவும் கோரலாம்.'

இரண்டு: 'பேயாண்டி தெரு என்ற பெயரில் இம்மண்டலத்தில் தெரு எதுவும் இல்லை.'

இல்லையா? நான் எங்கே குடியிருக்கிறேன், ஆகாசத்திலா? இந்தப் பதிலே அந்தப் பேர் போட்டுத்தானே வீட்டுக்கு வந்தது! குழாயை மறுத்தது போதாது என்று அய்யா பேரையே இல்லை என்கிறான். இது தண்ணீர் விஷயம் இல்லை. இது எங்கள் வம்சத்துக்கு எதிரான வேலை. ராத்திரிச் சோறு இறங்கவில்லை. ரெண்டு தட்டுதான் சாப்பிட்டேன்.

17 மார்ச்

மாயக்காளுக்குக் கடிதத்தைத் திரும்பப் படித்துக் காட்டினேன். மூணாம் தடவை. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எண்ணெய்க் கடைக்குப் போயி, ஏன்டா எண்ணெய் விக்கிற, உன் அப்பன் யாருன்னு கேட்டா ஊத்துவானா? ஏனத்தை நீட்டி, எந்த எண்ணெய், எம்புட்டுன்னு கேட்டாத்தான் ஊத்துவான். என்ன பேப்பர் வேணும்னு கேளுங்களேன்."

"அது எனக்குத் தெரியாதா?" என்றேன். தெரிந்துதான் இருந்தது. வரிசையாக வரட்டும் என்று விட்டிருந்தேன்.

புது மனு, நாலே வரி. மூன்றாவது குறுக்குக்கும் ஐந்தாவது குறுக்குக்கும் நடுவில் உள்ள தெருவில் குழாய் போடுவது சம்பந்தமான வரைபடம், இடம் பார்த்தவர் எழுதிய குறிப்பு, இரண்டையும் நேரில் பார்வையிட வேணும். நகலும் வேணும். அம்புட்டுதான். 'மாவீரர்' கூடப் போடவில்லை. கை துடித்தது.

28 மார்ச்

இதையும் எழுதி வைக்கிறேன். அப்பனும் மகனும் இன்று எங்கள் பின்சுவரை டேப் வைத்து அளந்தார்கள்! கிரிதரன் பிடிக்க, இவர் எண்ணைச் சொல்ல, மாடியிலிருந்து அந்த அம்மா ஏதோ சொல்ல, நடுவில் மறுபடியும் 'பாணி'.

நான் எட்டிப் பார்த்து, "என்ன அளவு?" என்றேன்.

"ஒண்ணுமில்ல விருமாண்டி, சும்மா" என்றார்.

சும்மா எவனாவது சுவரை அளப்பானா? தண்ணீரை நிறுத்தியாகிவிட்டது, அடுத்தது இடம். மீசையை முறுக்கிக் காட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். மாயக்காள் சிரிக்கிறாள். இவளுக்கு ஏதோ தெரியும். இவளுமா?

4 ஏப்ரல்

கடிதம். 9-ஆம் தேதி நேரில் வந்து ஆவணங்களைப் பார்வையிடலாமாம். இவ்வளவு சுலபமாகக் கூப்பிடுகிறான் என்றால் அதற்குள் கோப்பை மாற்றியிருப்பான்.

பேரையூருக்குப் போன் போட்டு, "அதிகாரிகளே என்னைக் கூப்பிட்டு அனுப்பியிருக்காங்க" என்றேன். பாண்டிதான் எடுத்தாள்.

"மாமா, சண்டை கிண்டை போட்டுறாதீங்க. எனக்கு அங்க வரணும் மாமா" என்றாள்.

குரல் ஒரு மாதிரி இருந்தது. போனை மாயக்காளிடம் கொடுத்துவிட்டேன்.

9 ஏப்ரல்

மண்டல ஆபீசுக்கு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வாசலில் வாட்ச்மேன் எழுந்து நின்றான். அவன் எழுந்தது டீ வாங்கப் போவதற்கு என்றாலும் எழுந்தது எழுந்ததுதான்.

பொறியாளர் ஒரு அம்மா. "உக்காருங்கய்யா" என்றது. ஆபீசில் உட்காரச் சொன்னால் எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். டீ வந்தது. பாதி மட்டும் குடித்தேன், எச்சரிக்கைக்கு.

வரைபடத்தை மேசையில் விரித்தது. "இது மூணாவது குறுக்கு. இது அஞ்சாவது. நடுவுல பாருங்க, நாலாவது குறுக்குத் தெரு. இதுக்கும் குழாய் உண்டு. நாங்க நிறுத்தவே இல்லையே."

படத்தில் நீலக்கோடு எங்கள் வாசல் வழியாகவே ஓடுகிறது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "பிறகு ஏன் போடலை?" என்றேன். சட்டப்படி 'ஏன்' கேட்கக்கூடாது, வாயில் வந்துவிட்டது.

அந்த அம்மா இடம் பார்த்தவர் குறிப்பை எடுத்தது. விரல் வைத்துக் காட்டியது. 'நாலாவது குறுக்குத் தெரு களத்தில் காணப்படவில்லை. அவ்விடத்தில் பட்டியலில் இல்லாத பேயாண்டி தெரு என்ற பலகை உள்ளது. விசாரித்ததில், நாலாவது குறுக்குத் தெரு இது அல்ல என உறுதிபடத் தெரிவிக்கப்பட்டது. சரிபார்த்த பின் அடுத்த கட்டத்தில் சேர்க்கலாம்.'

"யார் தெரிவிச்சதாம்?" என்றேன். விடுவேனா?

"போன ஆடியில எங்க ஆளு போயிருக்காரு. அவரே சொன்னாரு. வாசல்ல ஒருத்தர் மீசையை முறுக்கிட்டு நின்னாராம். இது நாலாவது குறுக்குங்களான்னு இவரு கேட்க, 'யோவ், நாலாவதுமில்ல அஞ்சாவதுமில்ல, இது எங்க அய்யா பேயாண்டி தெரு, மரியாதையா பேரைச் சொல்லு'ன்னு விரட்டி விட்டுட்டாராம்." சிரிப்பை அடக்கப் பார்த்தது அந்த அம்மா. பிறகு என் மீசையைப் பார்த்தது. பிறகு அடக்கவில்லை.

மதுரையில் மீசை வைத்த ஆள் எத்தனையோ பேர்.

மிச்சப் பாதி டீயையும் குடித்தேன். "அந்த போர்டை எடுத்துட்டா?" என்றேன்.

"எடுத்துட்டு, எங்க பழைய பலகை தெரியுற மாதிரி வச்சிட்டு ஒரு கடுதாசி குடுங்க. அடுத்த கட்டத்துல போட்டுருவோம். ஆனா மழைக்கு முன்னாலதான், இந்த மாசமே வராதுங்கய்யா."

இந்த மாசமே வராது.

வீட்டுக்கு வந்ததும் மாயக்காள், "என்ன சொன்னாங்க?" என்றாள்.

"மேலிடத்துக் கோளாறு" என்றேன்.

பொய் இல்லை. கம்பத்தில் எட்டடி உயரத்தில்தானே இருக்கிறது.

10 ஏப்ரல்

மத்தியான வெயிலில் தெருவே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும்போது ஏணியோடு போனேன். நாலு ஆணி. மூன்று வந்துவிட்டது. நாலாவதற்கு ஏணி ஆடியது. ஆடியது திடீரென்று நின்றது. குனிந்து பார்த்தால் நாகசுப்பிரமணியன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"வெள்ளை அடிக்கப் போறீங்களா?" என்றார்.

"ஆமாம்" என்றேன்.

"நல்லது" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காத மனுஷன் மேல் எதைச் சந்தேகப்படுவது?

போர்டைக் கீழே வாங்கி வைத்தார். பின்னால் நீலத் தகடு, தூசிகூட இல்லாமல், புத்தம் புதிதாக: 4-வது குறுக்குத் தெரு. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தோம்.

"விருமாண்டி, ஒண்ணு சொன்னா கோபப்படக்கூடாது" என்றார். "லலிதா ரெண்டு மாசமாச் சொல்லிட்டு இருக்கா. உங்க வீட்டம்மா இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுக் குடம் தூக்குறதைப் பார்க்க முடியலைன்னு. பின்சுவர்ல ஒரு ஓட்டை போட்டு ஓஸ் விட்டுட்டா பாணி அந்தப் பக்கம் வந்துரும். அளந்துகூடப் பார்த்துட்டோம். நீங்க எப்படி எடுத்துப்பீங்களோன்னுதான்... பார்க்கிறப்ப எல்லாம் முறைக்கிறீங்க."

"என்னது அந்தப் பக்கம் வரும்?" என்றேன்.

"பாணி... தண்ணி. எங்க பாஷையில பாணின்னா தண்ணி. வாய்ல வந்துருச்சு."

ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெயில் ஜாஸ்தி.

11 ஏப்ரல்

சுவரில் ஓட்டை. கிரிதரன் ஓஸை நுழைத்தான், நான் இந்தப் பக்கம் இழுத்தேன். மாயக்காளும் லலிதாம்பாளும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் ரெண்டு பேரும் சுவர் வழியாக வருஷக் கணக்கில் குழம்பு மாற்றிக்கொள்வது எனக்கு இன்றுதான் தெரியும்.

"உனக்குப் பாணின்னா என்னன்னு தெரியுமா?" என்று மாயக்காளைக் கேட்டேன்.

"தெரியுமே."

"ஏன் சொல்லலை?"

"ஏன்னு கேக்கக்கூடாது. சட்டத்துல இடமில்ல" என்றாள்.

20 ஏப்ரல், வெள்ளி

குழாய் வந்துவிட்டது என்று போன வாரமே பேரையூருக்குப் போனில் சொல்லியாகிவிட்டது. இன்று அங்கே வளையல் போட்டு, சாயங்காலம் பாண்டியைக் கூட்டி வந்துவிட்டோம். மாப்பிள்ளை அழகுராஜாவும் அவன் அம்மாவும் கூடவே வந்தார்கள். வழி நெடுக, காரில், மண்டல ஆபீசே எழுந்து நின்ற கதையை இன்னும் கொஞ்சம் நன்றாகச் சொன்னேன்.

அந்த அம்மா எதற்கும் அசையவில்லை. நேரே பின்கட்டுக்குப் போனார். புது டிரம், மூடியிருந்ததை நகர்த்தினால் விளிம்பு தட்டத் தண்ணீர். சுவர் ஓட்டையைப் பார்த்தார். ஓஸை ஒரு இழு இழுத்துப் பார்த்தார்.

"குழாய் வந்துருச்சுன்னீங்க?"

வாய் திறந்தேன். வைகை, அதிகாரி, சட்டம், எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது. பாண்டி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வரலைங்க. அடுத்த கட்டத்துலதான் வரும். இது நாகு அண்ணன் வீட்டுத் தண்ணி" என்றேன்.

சம்பந்தி ஓஸைக் கீழே விட்டார். சுவருக்கு மேலே லலிதாம்பாள் தலை தெரிந்தது. "நல்ல தண்ணிங்க. எந்நேரமும் திறந்து விடுவோம், நீங்க கவலைப்படாதீங்க" என்றார். சம்பந்தி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு செம்பு மோந்து குடித்தார். "பையைக் கொண்டாந்து உள்ள வைடா" என்றார் மகனிடம்.

டிரம்முக்கு மூடி வாங்க மறந்துவிட்டேன். கையில் கிடைத்ததைத்தான் போட்டிருந்தேன். பாண்டி அதைத் தொட்டுப் பார்த்து, "மாமா, இது தாத்தா போர்டு இல்ல?" என்றாள்.

"தகரம் கனமானது. காக்கா தள்ள முடியாது" என்றேன்.

15 மே

பொம்பளைப் பிள்ளை. மூன்று கிலோ. நர்சு தூக்கமாட்டாமல் தூக்கினாள். என்னைப் பார்த்ததும் சிரித்தது. பிறந்த பிள்ளை சிரிக்காது என்கிறார்கள். இது சிரித்தது.

பேர் வைப்பதைப் பற்றி மெதுவாக ஆரம்பித்தேன். "பேரு வைக்கிற வேலையை மட்டும் எங்ககிட்ட விட்டுருங்க மாமா" என்றாள் பாண்டி.

3 ஜூலை

காலையில் வாசலில் ஒரு ஆள், கையில் காகிதமும் சுண்ணாம்பு டப்பாவும். கம்பத்தைப் பார்த்தான், காகிதத்தைப் பார்த்தான். என் மீசையைப் பார்த்ததும் ரெண்டு எட்டுப் பின்னால் போனான். இவனை எங்கேயோ பார்த்திருக்கிறேன்.

உள்ளே மாயக்காள் பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். டிரம்மின் தகரத்தைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

"அய்யா..." என்று இழுத்தான் அவன். "இது என்ன தெருங்க?"

"நாலாவது குறுக்குத் தெரு" என்றேன்.

அவன் இன்னும் நின்றான், வேறு ஏதாவது சொல்வேன் என்று. நான் சொல்லவில்லை. குனிந்து என் வாசலில் சுண்ணாம்புக் கோடு போட்டான்.